ஜாடியில் புளித்த நாவலும் என் வலது கண்ணும்

நாவல் பழத்தைப் புளிக்க வைத்துக் குடித்தால் மங்கிய கண் தெளிந்துவிடும் என்று நான் நம்பினேன். ஏதோ கொஞ்சநஞ்சம் அல்ல, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கூடைக்காரம்மாவிடம் இருந்த பழத்தை அப்படியே வாங்கி வரும் அளவுக்கு நம்பினேன்.

பயம்தான் காரணம். அதற்குச் சில நாள் முன்பு, அதே பஸ் ஸ்டாண்டில் வீட்டுக்குப் போகிற ஸ்ரீரங்கம் பஸ் என்று நினைத்துத் துறையூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். டோல்கேட்டில் இறக்கிவிட்ட கண்டக்டர், போர்டைப் பார்த்து ஏறக் கூடாதா என்றார். பார்த்துத்தான் ஏறினேன். வீட்டுக்கு வந்து இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தால், மனைவி இட்லிப் பானை ஆவிக்குப் பின்னால் நிற்பது போல் இருந்தாள். அடுப்போ அணைந்திருந்தது.

டாக்டரிடம் போனால் கெட்ட சேதி சொல்லுவார். கைப்பேசி வீடியோவில் வந்தவர் நல்ல சேதி மட்டுமே சொன்னார். ஏதோ வெளிநாட்டுப் பெர்ரிப் பழம், அதை நொதிக்க வைத்த சாறு, அதன் ஊதாச் சத்து கண்ணைத் தெளிய வைக்குமாம். ஊதாதானே வேண்டும், நம் நாவல் என்ன குறைச்சல் என்று ஊறுகாய் ஜாடியில் வெல்லத்தோடு போட்டுத் துணி கட்டினேன். சில நாளில் ஜாடி நுரைத்தது, வாடை மாடிப்படி இறங்கியது. கீழ் வீட்டு மாமி என் மனைவியிடம், இவருக்கு எப்போதிலிருந்து இந்தப் பழக்கம் என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டாராம்.

தினமும் காலையில் ஒரு டம்ளர். உடனே மொட்டை மாடியில் சோதனை. வலது கண்ணால் மட்டும் ராஜகோபுரத்துக் கலசங்களை எண்ணுவேன். பதிமூன்று. ஒருநாளும் குறையவில்லை. மருந்து வேலை செய்கிறது என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன்.

ஒருநாள் அவளும் மேலே வந்தாள்.

"எந்தக் கலசத்துல காக்கா உட்கார்ந்திருக்கு, சொல்லுங்க பாப்போம்."

காக்காயே இல்லை என்றேன்.

"ரெண்டு இருக்கு. நீங்க எண்ணலைங்க, ஒப்பிக்கிறீங்க. பதிமூணுன்னு கோபுரம் கட்டுன நாள்லேர்ந்தே உங்களுக்குத் தெரியுமே."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கு ஊதாவாக இருந்தது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டேன்.

அன்றைக்கே கண் டாக்டரிடம் இழுத்துப் போனாள், ஜாடி விவகாரத்தையும் போட்டுக் கொடுத்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. பழம் நல்லதுதான், தாராளமாகச் சாப்பிடலாம், புளித்த சாற்றைப் பற்றி ஆராய்ச்சியும் நடக்கிறது, ஆனால் கண்ணில் விழுந்த புரையை அது கரைக்கும் என்று யாரும் நிரூபிக்கவில்லை என்றார்.

வலது கண்ணில் இருந்தது கண்புரை. ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்தார்கள். இப்போது கலசத்துக் காக்காயும் தெரிகிறது.