கிளிக்கு நான் கடைந்த இரும்புக் கம்பி

நான் ரயில் பட்டறையில் கடைசல் வேலை செய்பவன். பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கிறேன். என் கிளி உட்காரக் கண்ணாடிபோல் வழவழவென்று ஓர் இரும்புக் கம்பியைக் கடைந்து கூண்டில் மாட்டினேன். பார்த்தவர்கள் மெச்சினார்கள், எனக்குத் தலைக்கனம். இரண்டு மாதத்தில் கிளியின் பாதம் புண்ணாகி வீங்கியது. தீனியைத் தொடவில்லை. செத்துவிடும் என்றே நினைத்தேன்.

பக்கத்து வீட்டு மலாய் அக்கா மைமுனா எட்டிப் பார்த்தார். "தம்பி, இந்தக் கம்பிமேலே வெறுங்காலோட நாளெல்லாம் நீ நின்னு பாருலா," என்றார். கோபம் வந்தது, ஆனாலும் கம்பியைக் கழற்றினேன். தம் கொய்யாமரத்தில் மேடுபள்ளமான கிளையொன்றை அவரே ஒடித்துத் தந்தார். புண்ணை வெதுவெதுப்பான நீரில் கழுவச் சொன்னார். பத்தாம் நாள் கிளி மிளகாய் கேட்டுக் கத்தியது.

இப்போது பட்டை உரிக்காத கிளைகள்தான் வைக்கிறேன், தடித்தது ஒன்று, மெல்லியது ஒன்று. அந்தப் புண்ணியவதிக்கு என்ன கைம்மாறு செய்வேன்? கம்பியைக் கேட்டார், கொடுத்தேன். அடுப்புக் கிளற நன்றாக இருக்கிறதாம்.