வலிப்புக்கு இரண்டு மருந்து

மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்ததில் என் மூளையின் இடப்பக்கம் ஒரு தழும்பு தங்கிவிட்டது. வலிப்பு வருவது அதனால்தான் என்று சிரம்பான் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஸ்கேன் படத்தைக் காட்டிச் சொன்னார். பட்டாணி அளவுகூட இருக்காது. அதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்!

முதலில் கொடுத்தது கார்பமாசெபின். அதைப் போட்டால் எனக்கு எந்நேரமும் தூக்கம். உட்கார்ந்தால் தலை தொங்கும், நிமிரும், மறுபடி தொங்கும். எங்கள் எஸ்டேட் கோயில் கூட்டத்திலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

"திருவிழா அன்னதானச் சமையல தங்கச்சி பாத்துக்குவீங்கதானே?" என்று தலைவர் கேட்டிருக்கிறார். என் தலை ஆடியிருக்கிறது. கைதட்டல் கேட்டுத்தான் விழித்தேன். முந்நூறு பேருக்குச் சாம்பார் என் பொறுப்பு! மாலை கட்டுவது, அண்டா தேய்ப்பது எல்லாம் இதே வழியில் என்னிடம் வந்து சேர்ந்தன. என்ன தங்கமான பொண்ணு என்று எல்லாரும் மெச்சினார்கள். வீட்டுக்காரருக்கு அதில் பெருமை வேறு.

வலிப்பு மட்டும் நிற்கவில்லை. டாக்டரம்மா மருந்தை மாற்றி லெவெடிரசெட்டம் கொடுத்தார். வலிப்பு நின்றது, கோபம் தொடங்கியது. இந்த மருந்தில் சிலருக்கு அப்படி ஆகுமாம். எனக்குக் குறைவில்லாமல் ஆனது. காலையில் ரைஸ் குக்கரோடு சண்டை, மாலையில் வீட்டுக்காரரோடு. அடுத்த வருடக் கூட்டத்தில் தலைவர் வழக்கம்போல் சமையலை என் பக்கம் தள்ள, "முடியாது! உங்க வீட்டுல யாருக்கும் வெங்காயம் உரிக்கத் தெரியாதா?" என்று கத்தினேன். கூட்டம் அத்தோடு கலைந்தது.

மறுநாள் தலைவர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். என்னிடம் பேசப் பயம். வாசலில் வீட்டுக்காரரிடம் குசுகுசுத்தார்.

"தம்பி, திருவிழா முடியிற வரைக்கும் அந்தப் பழைய மருந்தையே குடுக்கச் சொல்லலாம்லா? டாக்டர்கிட்ட கேட்டுப் பாருங்களேன்."

"பாக்கலாம்" என்றார் வீட்டுக்காரர்.

எனக்குச் சுருக்கென்றது. பழைய மருந்துக்குப் போனால் வலிப்பும் கூடவே வரும். அந்தப் பயத்தில் அன்று யாரையும் திட்டக்கூடத் தோன்றவில்லை.

அடுத்த அப்பாயின்ட்மென்டில் டாக்டரம்மா என்னைக் கேட்கவில்லை, வீட்டுக்காரரைக் கேட்டார். "ரெண்டு மருந்துல எது பரவாயில்ல?"



"பழசுல பதினோரு தடவ வந்துச்சு டாக்டர். எட்டு தடவ நான் புடிச்சுக்கிட்டேன். மூணு தடவ நான் வேலைக்குப் போயிருந்தேன்" என்றார் அவர். "இதே மருந்து இருக்கட்டும். திட்டுற சத்தம் கேட்டா, கீழ விழுந்து கெடக்கலன்னு தெரியும்லா."