ஜம்போலா சொன்னது யார்?

இதை எழுத நாலு வருஷம் தயங்கினேன். பேனாவைத் திறப்பேன், சுவரில் இருக்கும் முருகன் படம் கண்ணில் படும், மூடிவிடுவேன். பம்பாய்த் தமிழர் சங்கத்தின் இந்த ஆண்டு மலர் ஊருக்கும் போகிறது என்பதால் இப்போது துணிந்துவிட்டேன்.

ஒருநாள் காலை சயான் ஸ்டேஷனில் அம்பர்நாத் லோக்கல் ரயிலைப் பிடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். சன்னலோர இடத்தை ஒரு மராத்திக்காரருக்கு விட்டுக்கொடுத்ததும், அவர் காதருகே விரலைச் சுழற்றி, "ஜம்போலா!" என்றார். இறங்குமிடத்தைச் சொல்கிறார் என்று நினைத்து, "அது டோம்பிவிலி தாண்டியா?" என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டுவைத்தேன். பெட்டியே சிரித்தது. ஒரு ஹிந்திப் பட நாயகன் புதிதாகக் கிளப்பிவிட்ட சொல்லாம் அது. பிரமாதம் என்று அர்த்தமாம்.

எங்கள் ஊர் டூரிங் கொட்டகைக்குப் படம் வந்து சேருவதற்குள் அதன் வசனமே கிழடாகியிருக்கும். பம்பாயில் வெள்ளிக்கிழமை திரையில் சொன்னது திங்கட்கிழமை வடாபாவ்காரன் வாயில் இருக்கிறது. அடுத்த வாரமே தாராவிக் குழாயடியில் நம் திருநெல்வேலிப் பெண்கள், "தண்ணி ஜம்போலாவா வருதுட்டி, குடத்த வையி" என்றார்கள்.

நானோ பஜனையில் முன்பாட்டுப் பாடுகிறவன். விபூதி பூசுகிற வீட்டில் சினிமாப் பேச்சு கூடாது என்று மகள் செல்வியைக் கண்டித்து வைத்திருந்தேன். அவள் சிரிப்பாள். "யப்பா, நீங்கதான் தூக்கத்துல சொல்லுதீங்க." நான் நம்பவில்லை.

அந்த ஐப்பசியில் ஊரிலிருந்து செல்வியைப் பெண் பார்க்க வந்தார்கள். சஷ்டிக்கு ஆறு நாளும் பாடித் தொண்டை கட்டி, என் குரல் கீச்சென்று ஆகியிருந்தது. எங்களுக்கு ஒரே அறை, நடுவில் ஒரு சேலைத் திரை. மாப்பிள்ளையின் அப்பா, "எங்களுக்குச் சம்மதம் அண்ணாச்சி" என்றார். வீட்டுக்காரியிடம் சொல்லத் திரைக்குப் பின்னால் ஓடினேன். முருகா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது, "ஜம்போலா!" விரலும் தானாகச் சுழன்றது.

வெளியிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள்: "என்ன பேச்சு இது? உள்ள யாரு, பொண்ணா?"

திரைக்குள் அம்மா பக்கத்தில் நின்ற செல்வி என் நெற்றி விபூதியைப் பார்த்தாள். "நாந்தான் அத்தே, வாய் தவறி வந்துட்டு" என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆனால் அந்தச் சொல்லும் அவளோடு ரயிலேறிப் போய்விட்டது. போன மாதம் பேத்திக்குக் காது குத்தப் போயிருந்தேன். தெருப்பிள்ளைகள் என் மகளை 'ஜம்போலா அக்கா' என்கிறார்கள். அவள் எதற்காவது வாயைத் திறந்தால் மாமியார், "பம்பாய்க்காரி ஜம்போலா சொல்லப் போறா, கேளுங்க" என்கிறாள். எல்லாரும் சிரிக்கிறார்கள். ஓயாமல் பேசுகிற என் பிள்ளை இப்போது தலையாட்டிப் பதில் சொல்கிறாள். நான் இலையில் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்த அன்று, லோக்கலில் இடம் தந்த ஒரு பையனிடம் நன்றியாக அந்தச் சொல்லைச் சொன்னேன். "புரானா ஹோ கயா, அங்கிள்!" என்று சிரித்தான். இங்கே அது பழசாகிவிட்டது, வேறு படம், வேறு சொல் வந்தாயிற்று. ஊரில் மட்டும் என் மகள் தலையில் புத்தம் புதிதாக உட்கார்ந்திருக்கிறது.

ஊர்க்காரர்களே, இதைச் சம்பந்தி வீட்டில் வாசித்துக் காட்டுங்கள். கண், காது, மூக்கு வைக்காமல், ஒரு எழுத்தும் குறைக்காமல் சொல்லுங்கள். முருகன் சாட்சி, சொன்னது நான். அந்தப் பட்டப்பெயரை எனக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். இங்கே செல்லாவிட்டாலும் நான் வைத்துக்கொள்கிறேன்.