நோகாத கால்

என் எழுத்து கோணலாக இருக்கும். பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கடலுக்குப் போனவன் நான். அதற்குப் பிறகு பேனை பிடித்தது கையெழுத்துப் போட மட்டும்தான். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆஸ்பத்திரியில் எனக்கு மருந்து கட்டிய நேர்ஸ் அம்மா, கால் புண்ணோடு புதிதாக வருகிறவர்களுக்கு என் கதையைச் சொல்லச் சொன்னார். நாலு பேர் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். “அப்ப எழுதித் தாங்கோ, நான் வாசிச்சுக் காட்டுறன்” என்றார். மறுக்கத் தெரியவில்லை.

நான் இருப்பது ஓலைத்தொடுவாய் என்ற கடற்கரை ஊரில். வலைத்தொழில். ஒரு காலை, கரையில் நின்று வலையில் மீன் கழற்றிக்கொண்டிருந்தோம். என்னோடு படகில் வருகிற சூசை என் மனைவியின் தம்பி. அவன் திடீரென்று என் காலைக் காட்டினான்.

“அத்தான், உங்கட காலில கெளிறு தொங்குது!”

கெளிறு முள்ளுள்ள மீன். அந்த முள் ஏறினால் பெரிய ஆம்பிளையும் அழுவான். நான் காலைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளங்காலில் முள் ஏறியிருந்தது, மீன் இன்னும் வாலை அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிடுங்கி எறிந்தபோதும் நோகவில்லை.

சூசை நெற்றியில் சிலுவை போட்டான். “எனக்குக் குத்தினபோது நான் போட்ட சத்தம் தலைமன்னாருக்கும் கேட்டிருக்கும். உங்களை அந்தோனியார் தொட்டிருக்கிறார் அத்தான்.”

நானும் அப்படியே நம்பினேன். அன்று பின்னேரம் அந்தோனியார் சுரூபத்தடியில் மெழுகுதிரி கொளுத்தி நன்றி சொன்னேன். புண்ணுக்குக் கடல் தண்ணீரே மருந்து என்பது எங்கள் பழக்கம். ஆகவே வழமை போலக் கடலில் இறங்கினேன், வழமை போல வெறுங்காலோடு நடந்தேன்.

சில நாட்களில் வீட்டுக்குள் ஒரு மணம் வந்தது. என் மனைவி மெற்றில்டா சட்டி பானைகளையெல்லாம் கழுவினாள். “எங்கயோ மீன் கிடந்து அழுகுது” என்று அலுமாரிக்கு அடியிலும் தேடினாள். மீன்காரன் வீட்டில் அந்த மணத்தை வேறு எப்படி நினைப்பது? கடைசியில் நான் பாயில் படுத்திருந்தபோது என் உள்ளங்காலைக் கண்டாள். உடனே சூசையைக் கூப்பிட்டு ஓட்டோ கொண்டுவரச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எனக்கு நீரிழிவு (சீனி வருத்தம்) இருந்தது. எத்தனை வருடமாக என்று யாருக்கும் தெரியாது.

ஓர் இளவயது டொக்டர் பிள்ளை வந்து என் கட்டிலில் இருந்தார். “ஐயா, கண்ணை மூடுங்கோ. நான் காலில தொடேக்க ஓம் எண்டு சொல்லுங்கோ” என்றார். மூடினேன். காத்திருந்தேன். அவர் தொடவேயில்லை. கூச்சத்தை விட்டு நானே கேட்டேன்.

“எப்ப தொடங்குவீங்கள் டொக்டர்?”

“முடிஞ்சுது ஐயா.”

கண்ணைத் திறந்தேன். அவர் கையில் ஒரு சின்னப் பிடி, அதன் நுனியில் ஒரு துண்டு தங்கூசி. தங்கூசி என்றால் நைலோன் நூல். அந்த நூலில் மீன் இழுத்தால் இருட்டிலும் என் விரல் என்ன மீன் என்று சொல்லும். அதே நூலை இரண்டு உள்ளங்காலிலும் பத்து இடத்தில் குத்தியிருக்கிறார், எனக்குத் தெரியவில்லை.

மெற்றில்டா நூலையே பார்த்துக்கொண்டு நின்றாள். “டொக்டர், தங்கூசி வலை இஞ்ச தடை. கவனமா வச்சிருங்கோ, கண்டா பிடிச்சுக்கொண்டு போயிடுவினம்” என்றாள். டொக்டர் பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னார்.

“உங்கட கால் நரம்பு மரத்துப் போட்டுது ஐயா. நோ வந்திருந்தா அண்டைக்கே ஓடி வந்திருப்பீங்கள். நோகாததுதான் உங்கட வருத்தம்.”

புண் எலும்பு வரை போயிருந்தது. சத்திரசிகிச்சை செய்கிற பெரிய டொக்டர் ஒளிக்காமல் சொன்னார். முதலில் விரல்களை எடுத்துப் பார்ப்பார்கள். வெட்டிய இடத்தில் நல்ல இரத்தம் வந்தால் கால் தப்பும். வராவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும். எது என்று மேசையில் வைத்துத்தான் தெரியும்.

நான் முறைப்பாடு சொல்லாத மனிதன் என்று ஊரில் பெயர். அது உண்மையில்லை. வாயால் வராதே தவிர, உள்ளுக்குள் எனக்கு ஒரு கடல் முறைப்பாடு இருந்தது. பூசை தவறாதவன் நான். குடிப்பதில்லை. நோயைப் புதுமை (அற்புதம்) என்று நினைத்து நன்றி சொல்லி, திரியும் கொளுத்தினேன். ஆண்டவர் என்னைப் பகிடி பண்ணினாரா? கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு இதையே அரைத்தேன். சாப்பாடு இறங்கவில்லை. டொக்டர் வந்து கேட்டால் “ஒண்டுமில்லை” என்பேன்.

மெற்றில்டா கண்டுபிடித்துவிட்டாள். “இஞ்சேருங்கோ, என்ன முணுமுணுப்பு உள்ளுக்க?”

சொன்னேன். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவளிடம் அவ்வளவு நேரம் நான் பேசியதில்லை. கேட்டுக்கொண்டே தோடம்பழம் உரித்தாள்.

“அந்த முள் குத்தாட்டி இந்தச் சீனியை ஆர் கண்டுபிடிச்சிருப்பினம்? உள்ளுக்க கிடந்து ஒருநாள் நெஞ்சைப் பிடிச்சிருக்கும். அந்த மெழுகுதிரி வீணாப் போகேல்ல. நீங்கள்தான் எதுக்கு நன்றி சொல்லுறதெண்டு பிழையா விளங்கினனீங்கள்.”

பழத்தைச் சுளை சுளையாகப் பிரித்தபடி மறுபடி சொன்னாள். “கடலுக்குப் போகேக்க காத்து எங்கால வருமெண்டு எழுதித் தரச்சொல்லியே ஆண்டவரிட்டக் கேட்டனீங்கள்? சிலுவையைப் போட்டிட்டு இஞ்சினை ஸ்ராட் பண்ணினனீங்கள்தானே. உள்ளுக்க கிடக்கிறதை அவரிட்டயே நேர சொல்லுங்கோ. சொல்லிப்போட்டுக் காலை டொக்டரிட்டக் குடுங்கோ. ரெண்டு பேரும் பாப்பினம்.”

அன்று பின்னேரம் ஆண்டவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபத்தையும் சொன்னேன். கடைசியில், “உம்மால் முடியாதது ஒன்றுமில்லை. கால் இருந்தாலும் போனாலும் நான் உம்முடைய ஆள்” என்று முடித்தேன். முறைப்பாடு தீர்ந்த இடத்தில் பசி வந்தது. சோறு கேட்டுச் சாப்பிட்டேன். டொக்டர் பிள்ளை வந்தபோது, மற்றக் காலிலும் ஒரு சின்னக் கொப்புளம் இருக்கிறது என்று நானாகவே காட்டினேன்.

எங்கள் பக்கத்தில் படகைத் தள்ளும் முன் கையைக் கடலில் நனைத்துச் சிலுவை போடுவோம். தியேட்டருக்கு (சத்திரசிகிச்சை அறைக்கு) கொண்டுபோனபோது, ஊசி ஏற்றுவதற்காகத் துடைத்த பஞ்சின் ஈரம் என் கையில் இருந்தது. அந்த ஈரத்தோடு சிலுவை போட்டேன்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தார்கள். மரத்த காலை இன்னும் மரக்கச் செய்கிறார்களே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. நடுவில் ஒரு பச்சைத் துணி. அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியாது. அருள்நிறைந்த மரியே சொல்லிக்கொண்டு கிடந்தேன். பயம் இருந்தது. ஆனால் அது என்னைப் பிடித்திருக்கவில்லை.

துணிக்கு அந்தப் பக்கம் பெரிய டொக்டரின் குரல் கேட்டது. “நல்லா ரத்தம் வருது. இதோட நிப்பாட்டுவம்.”

என் இரத்தம் வருகிறது என்று கேட்டு நான் அழுதேன்.

இரண்டு விரல்களும் உள்ளங்காலில் ஒரு துண்டும் போயின. கால் தப்பியது. பக்கத்துக் கட்டிலில் வெள்ளாங்குளத்துக் கமக்காரர் (விவசாயி) கந்தையா அண்ணை. அவருக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். அவருக்கு முன்னால் நன்றி சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. வாய்க்குள் செபித்தேன்.

“ஏன் தம்பி, களவெடுத்தவன் மாதிரிச் செபிக்கிறீர்? சத்தமாச் சொல்லும். எனக்கும் சேர்த்துச் சொல்லும்” என்றார் அவர். “நான் கேதீஸ்வரத்துச் சிவனிட்டக் காலைக் கேக்கேல்ல. உயிரைக் கேட்டனான், தந்திட்டான். இனி எனக்கு ஒரு செருப்புப் போதும். மற்றதை நீர் எடும்.”

கால் போனவர்களுக்கு நம்பிக்கை குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த வாட்டில் (நோயாளர் விடுதியில்) என்னை அதிகம் தேற்றியவர் அவர்தான்.

புண் அடியிலிருந்து மெல்ல மெல்ல நிரம்பி வந்தது. முன்பு காற்றும் நீரோட்டமும்தான் எனக்கு மணிக்கூடு. இப்போது குளிசை விழுங்கும் நேரமும் சாப்பாடும் மருந்து கட்டும் நாளும். அவசரப்படுத்த முடியாத ஒரு நேரத்துக்குள் வாழப் பழகிவிட்டேன்.

இப்போது கரையில் சப்பாத்தோடு நிற்கிறேன். “மாப்பிள்ளை கலியாணத்துக்கு வெளிக்கிட்டிட்டார்” என்று சூசை கத்துவான். கோவிலுக்குள் எல்லோரும் வெறுங்காலோடு போக, நான் மட்டும் சப்பாத்தோடு போவது முதலில் வெட்கமாக இருந்தது. “கழற்றாதையும், அது உமக்கு மருந்து” என்று பாதர் சொல்லிவிட்டார். பின்னேரங்களில் செபமாலைக்கு முன் மெற்றில்டா கண்ணாடி பிடிப்பாள், நான் இரண்டு உள்ளங்கால்களையும் பார்ப்பேன். ஒரு கீறல் கண்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். இதை வாசிக்கக் கேட்கிறவர்களும் அப்படியே செய்யுங்கள். நோகவில்லை என்றாலும் காட்டுங்கள். டொக்டரிடம் சொல்வது முறைப்பாடு இல்லை.

இன்னொன்று. இல்லாத இரண்டு விரல்களும் சில வேளை எனக்குக் கடிக்கின்றன. சொறியக் குனிந்தால் அங்கே ஒன்றுமில்லை. இருக்கிற காலோ ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் அந்தக் கால்தான் என்னை வீட்டிலிருந்து கரைக்கும் கரையிலிருந்து கோவிலுக்கும் கொண்டுபோகிறது.

அந்த வாட்டில் சுவரைப் பார்த்துக் கிடந்த நாட்களில் ஆண்டவர் பக்கத்தில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இப்போது அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. இருப்பதாகத் தெரியாத காலில்தான் நான் தினமும் எழுந்து நிற்கிறேன். அது என்னைத் தாங்குகிறது.

தவக்காலத்தில் எழுதத் தொடங்கினேன். வெட்கத்தில் பல முறை மடித்து வைத்தேன். வெளியே சோளகக் காற்று வீசுகிறது. நேற்றுச் சுரூபத்தடியில் மறுபடி ஒரு திரி கொளுத்தினேன், இந்த முறை எதற்கு என்று தெரிந்து. இன்று ஆனி (ஜூன்) பதினான்கு, அந்தோனியார் திருநாளுக்கு அடுத்த நாள்.