கையை வீசிக்கொண்டு வந்த எலக்ட்ரீசியன்

வெள்ளவத்தையில் எங்கள் வாடகை வீட்டு ஹோலில், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிமர் சுவிட்ச் ஒன்று இருந்தது. வெளிச்சத்தைக் குறைத்தால் சுவருக்குள் கிர்ரென்று இரையும். போர்க்காலத்துக் கொழும்பில் அந்தச் சத்தத்துக்கே குண்டோ என்று வெளியே ஓடுவோம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த எலக்ட்ரீசியன், பூசைக்குப் போகிறவர் போல மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கையில் ஒன்றுமில்லை. எனக்கு எரிச்சல் வந்தது.

“சாமான் ஒண்டும் கொண்டுவரேல்லையோ?”

“வயரும் குறடுமாப் போய்த்தான் ஒருக்கா செக்பொயின்டில பிடிபட்டனான். குண்டு செய்யிறவனெண்டு உள்ளுக்குப் போட்டிட்டாங்கள். வீட்டில இருக்கிறதைத் தாங்கோ, தங்கச்சி.”

தையல் மெஷின் ஸ்குரூட்ரைவரையும் மீன் வெட்டும் கத்தியையும் கொடுத்தேன். மெயினை நிறுத்திவிட்டு டிமரைக் கழற்றினார். உள்ளே திருகாணி தளர்ந்து, வயரின் நுனி கருகியிருந்தது. கருகியதை வெட்டிச் சட்டைப்பைக்குள் போட்டார். அடுத்தவர் வீட்டுத் தரையில் குப்பை விடாத பழக்கம். புது நுனியை வைத்து இறுக்கி, கரண்டைப் போட்டு, வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தார். சத்தமே இல்லை.

வாசலில் செருப்பைப் போட்டவர், செக்பொயின்ட் நினைவு வந்தவர் போலச் சட்டைப்பையை வெளியே இழுத்து உதறினார். வெட்டிப் போட்ட அந்தச் செப்பு வயர்த் துண்டு விழுந்தது. குனிந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“இதை நீங்களே எறிஞ்சு விடுங்கோ.”

கையை வீசிக்கொண்டு போய்விட்டார். எங்கள் வீட்டையும் சோதிக்கப் பொலிஸ்காரர்கள் எந்த நேரமும் வருவார்கள். துண்டை எங்கே எறிவதென்று தெரியாமல் நான் வாசலிலேயே நின்றேன்.