அம்பாப் பாட்டுக்குச் சுழன்ற கைப்பிடி

சென்னையிலிருந்து படம் பிடிக்க வந்தவர்கள் தாழ்வுபாட்டு மீன்பிடிக் கரைக்கு வந்து அன்று நான்காம் நாள், பங்குனி மாதத்துச் சனிக்கிழமை. படங்கள் பேசத் தொடங்காத காலம். மன்னார் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த நான்தான் அவர்களுடைய அனுமதிக் கடிதத்தை எழுதியவன். அரைநாள் வேலை முடிந்ததும் சைக்கிளில் பறந்தேன். மறுநாள் அவர்கள் கப்பலேற வேண்டும். ஒரே ஒரு டப்பா பிலிம்தான் மிச்சம். எடுக்கவேண்டிய காட்சியும் ஒன்று.

கடலுக்குப் போன கணவனைத் தேடி ஒரு பெண் கரையோரமாக நடந்து வருகிறாள். அவள் முதுகுக்குப் பின்னால் சூரியன் இறங்க வேண்டும், நூறடி தூரத்துக்குக் கமரா நிற்காமல் அவளோடு நகர வேண்டும் என்றார் இயக்குநர். ஒளிப்பதிவாளர் ஒப்பவில்லை. “பின்னாடி சூரியன் இருந்தா மூஞ்சி கரியா விழும். அப்புறம் ஜனங்க யாரைப் பாத்து அழுவாங்க?”

வெள்ளித்தாள் ஒட்டிய பலகைகளால் வெயிலை முகத்துக்குத் திருப்பலாம் என்று உடன்பட்டார்கள். மணலில் மரப்பலகை பரப்பிக் கமராவைக் கைவண்டியில் ஏற்றி, கரைவலை இழுக்கும் எட்டுப் பேரிடம் கயிற்றைக் கொடுத்தார்கள். பிலிம் போடாமல் ஒத்திகை நடந்தது. கயிறு கைக்கு வந்ததும் எட்டுப் பேரும் வலை இழுக்கும்போது பாடும் அம்பாவைத் தொடங்கிவிட்டார்கள். ஒவ்வோர் ஏலேலோவுக்கும் ஓர் இழுப்பு, ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு குலுக்கல். வெள்ளித்தாள் பலகை பிடித்தவர்கள் மணலில் கால் புதைய ஓடியதில் வெளிச்சம் அவள் முகத்தை விட்டுக் காதுக்கும் கொண்டைக்கும் தாவியது. கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருத்தி நடிகையைப் பார்த்துச் சொன்னாள்: “புருசனைத் தேடுறவள் இப்பிடி அன்னநடை நடப்பாளோ?”

பாட்டை நிறுத்தச் சொன்னார் இயக்குநர். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் தலையைச் சொறிந்தார். “பாட்டில்லாட்டி எட்டுப் பேரின்ர கையும் எட்டுப் பக்கம் போகும், ஐயா.” அப்படியே போயிற்று, வண்டி பலகையை விட்டு இறங்கிச் சாய்ந்தது.

என் கடிகாரத்தில் ஐந்து இருபத்தைந்து. ஆறு இருபதுக்குச் சூரியன் மறையும். இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள்.

அப்போது முழங்கால் தண்ணீரில் ஒரு வள்ளத்தை இரண்டு பேர் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒளிப்பதிவாளர் கண்ணெடுக்காமல் பார்த்தார். “அது குலுங்கலையே.”

“வெள்ளித்தாள் பலகையையும் அதிலேயே கட்டிடலாம்,” என்றார் இயக்குநர்.

அதன்பின் இருவரையும் பிடிக்க முடியவில்லை. ஒருவர் கமராவின் முக்காலியை வைக்குமுன் மற்றவர் பலகையைச் சாய்த்தார். எட்டுப் பேர் பாடித் தள்ள, நடிகைக்குச் சற்று முன்னே வள்ளம் போயிற்று. கமரா அவளைத் திரும்பிப் பார்த்தது. குலுக்கலைத் தண்ணீர் விழுங்கிவிட்டது. அலையில் முகத்து வெளிச்சம் மட்டும் மெல்ல நடுங்கியது. ஒளிப்பதிவாளர் முகம் சுளித்தார். அந்த நடுக்கம்தான் தனக்கு வேண்டும் என்றார் இயக்குநர்.

ஆறு நாலுக்குப் பிலிம் ஓடத் தொடங்கியது. கமராவின் கைப்பிடியைச் சீராகச் சுற்றுவதற்காக ஒளிப்பதிவாளர் வாய்க்குள் எண்ணுவது வழக்கம். அன்று எண்ணவில்லை. அவர் கை அம்பாப் பாட்டுக்குச் சுழன்றது! நான் காலில் போட்ட சப்பாத்தோடு தண்ணீரில் நின்றேன். நூறடி முடிந்ததும் இயக்குநர் கையை உயர்த்தினார். ஒருவரும் நிற்கவில்லை, பாட்டு இன்னும் முடியவில்லையே. நடிகையும் நடந்தாள், பிலிம் தீரும்வரை கைப்பிடியும் சுற்றியது.

ஐந்தாம் வாரம், தேவைக்கு மேல் ஓடிய அந்தக் கடைசிப் பகுதியிலிருந்து விரலளவு பிலிம் துண்டொன்று சென்னையிலிருந்து தபாலில் வந்தது. கச்சேரிக் கந்தோர் யன்னலில் பிடித்துப் பார்த்தேன். முகம் கறுத்திருந்தது. பிறகுதான் துண்டிலிருந்த வானத்தைப் பார்த்தேன்: சூரியனும் கறுப்பு. கமராவுக்குள் ஓடிய பிலிமில் வெளிச்சம் கறுப்பாகத்தானே விழும், திரையில்தானே அது வெள்ளையாகும்!

சைக்கிளில் தாழ்வுபாட்டுக்கு ஓடினேன். சம்மாட்டியார் துண்டை வானத்துக்கு நேரே பிடித்தார். “கறுத்துப்போச்சே, தம்பி.”

“சூரியனையும் பாருங்கோ,” என்றேன்.

விளக்கிச் சொன்னதும் மறுபடி பார்த்தார், வெகுநேரம். “அப்ப பிள்ளையின்ர முகமும் வெயிலும் ஒரே நிறம்,” என்றவர், துண்டைத் திருப்பித் தராமல் வலை இழுப்பவர்களைக் கூப்பிடப் போனார்.