குறையைச் சொன்ன பிறகுதான் கைதட்டல்

எங்கள் அணியின் பெயர்ப்பட்டியல் வெளியான அன்று காலையில்தான் ரெமி அண்ணன் போய்ச் சேர்ந்தார். துறைமுகத்துக்கு வெளியே நான் வேலை பார்க்கும் கிளியரிங் ஏஜென்சி அலுவலகத்தில், ஒரு கப்பலின் காகிதங்களை ஓரமாக ஒதுக்கிவிட்டு, ஃபோனில் அந்தப் பட்டியலைக் கீழேயிருந்து மேலாக வாசித்துக்கொண்டிருந்தேன். ஹாக்கி லீக்கில் நாங்கள் கொண்டாடும் அணியின் பட்டியலை இந்த ஊர் ரசிகர்கள் சிலபேர் அப்படித்தான் வாசிப்போம். கடைசிப் பெயரிலிருந்து தொடங்க வேண்டும் என்பது ரெமி அண்ணன் போட்ட சட்டம். மேலே வந்து சேர்ந்தால், முதல் கோல்கீப்பர் என்ற இடத்தில் என் மகன் ஜோயலின் பெயர் இருந்தது. அண்ணனைக் கூப்பிடலாம் என்று எண்ணைத் தேடும்போதே பேக்கரி செல்வராஜ் அண்ணாச்சியின் அழைப்பு வந்துவிட்டது.

"ஏளா லூர்து, எங்கன இருக்க?" என்றார். குரலிலேயே தெரிந்துவிட்டது. "நம்ம ரெமி போயிட்டாம்ளா. காலையில எழுப்புனா எந்திரிக்கவே இல்லையாம்."

அப்போது என் மனதில் ஓடியது இரங்கல் கூட்டத்தில் சொல்லக்கூடியது அல்ல. இவ்வளவு நாள் இழுத்துப் பிடித்த மனிதர் இன்னும் ஒரு மணி நேரம் இருந்திருக்கக் கூடாதா, என் மகன் பெயரை அந்த இடத்தில் பார்த்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா என்று கோபம்தான் முதலில் வந்தது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பெரும்பாலோருக்கு அவர் எங்கள் அலுவலகத்து சூப்பர்வைசர் ரெமிஜியுஸ். எந்தக் கப்பலுக்கு எத்தனை ஆள், யார் கிரேனில், யார் கீழே என்று பிரித்து அனுப்புவது அவர் வேலை. கப்பல் கரைக்கு வருகிறது என்றால் மற்ற சூப்பர்வைசர்கள் "யாரெல்லாம் வாரா?" என்று கேட்பார்கள். இவர் "யாரு வரமாட்டா?" என்று கேட்பார். மாதா கோவில் திருவிழாவின்போது ஒரு உரக் கப்பல் வந்து நின்றது. பாதி ஆட்கள் தேர் பார்க்கப் போய்விட்டார்கள். மற்ற ஏஜென்சிக்காரர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் ஓட்டப்பிடாரம் பக்கத்து ஆட்களை முதல் வாரமே பேசி வைத்திருந்தார். சரக்கு இறங்கியது. இவரும் சட்டையை மாற்றிக்கொண்டு தேர் பார்க்கப் போய்விட்டார்.

ஹாக்கியையும் அவர் அந்தக் கண்ணோடுதான் பார்த்தார். டிவியில் எல்லோரும் கேப்டனைப் பற்றியும் வெளிநாட்டு ஸ்டிரைக்கரைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும்போது, "அதெல்லாம் சரி, கடைசி குவார்ட்டர்ல இவன் நாக்குத் தள்ளி வெளிய வருவான்லா, அப்ப உள்ள போறவன் யாரு?" என்பார். ஹாக்கியில் ஆட்டம் நடக்கும்போதே ஆட்களை மாற்றிக்கொண்டே இருக்கலாம். அதனால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன்தான் பாதி அணி என்பது அவர் கட்சி. "முன்னாடி ஆடுதவன் பேரு ஊருக்கே தெரியும். பின்னாடி உக்காந்திருக்கவன் பேரு தெரிஞ்சவன்தாம்ல ரசிகன்" என்று அவர் சொன்னதை அண்ணாச்சி கடைக்கு வருகிறவர்களிடம் தன் சொந்தச் சரக்கு மாதிரி விற்றுக்கொண்டிருக்கிறார்.

எங்கள் கூட்டம் கூடுவது அண்ணாச்சியின் பேக்கரிக்குப் பின்னால், மக்ரூன் இனிப்பு சுடும் அடுப்புக்குப் பக்கத்து அறையில். சீசன் தொடங்குவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசை முடிந்ததும் எல்லோரும் அங்கே வந்துவிட வேண்டும். அன்றைக்கு ஒரு வழக்கம் உண்டு. யாருக்கு எந்த ஆட்டக்காரன் உயிரோ, அவர் எழுந்து நின்று அந்த ஆட்டக்காரனின் குறையைச் சொல்ல வேண்டும். குறையைச் சொன்ன பிறகுதான் புகழலாம். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கைதட்டுவார்கள். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் ரெமி அண்ணன்தான்.

அண்ணாச்சிக்குக் கேப்டன் என்றால் உயிர். முதல் வருடம் எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டு, "அவன் ரொம்ப நல்லவன். யாரையும் கடிஞ்சு ஒரு வார்த்தை பேச மாட்டான். அதான் குறை" என்றார். ரெமி அண்ணன் கையைத் தூக்கி நிறுத்தினார். "அண்ணாச்சி, இது குறை இல்ல. இது கல்யாணப் பத்திரிகை. உக்காருங்க." காயல்பட்டினத்து சாகுல் பாய் வெகுகாலம் துபாயில் இருந்துவிட்டு வந்தவர். பெனால்டி கார்னர் அடிக்கும் பஞ்சாப்காரன்தான் அவருக்கு எல்லாம். அவர் நேர்மையாகச் சொன்னார். "அடிச்சிட்டு அங்கனயே நின்னு ரசிக்கான். பந்து திரும்பி நம்ம பக்கம் போறது அவனுக்குத் தெரியவே இல்ல." அன்று பாய்க்குத்தான் முதல் கைதட்டல்.

இரண்டு சீசனுக்கு முன்பு ஜோயல் அந்த அணியில் இரண்டாவது கோல்கீப்பராகச் சேர்ந்தான். சிறுவயதில் அவனைக் கோவில்பட்டியில் ஹாஸ்டலில் விட்டுவிட்டுப் பேருந்தில் அழுதுகொண்டே வந்தவள் நான். என் வீட்டுக்காரர் கப்பல் வேலையில் எந்நேரமும் கடலில். அந்தப் பிள்ளையின் கால்காப்பு, கையுறை, ஹெல்மெட் எல்லாவற்றையும் தூக்கிச் சுமந்து ஊர் ஊராக அலைந்தது நான்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை என் முறை வந்தது. எழுந்தேன். "எம்மவன்கிட்ட குறை இல்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பெற்றவளிடம் போய் யார் என்ன கேட்பது? ரெமி அண்ணன் நிதானமாக எழுந்தார். "சரி, லூர்து பெஞ்சில இருக்கட்டும். அவளுக்குப் பதிலா நான் இறங்குதேன்" என்றார். பிறகு சொன்னார். "ஷூட்அவுட்டுல அடிக்கிறவன் பந்தைத் தட்டிக்கிட்டு வாரான். கோல்கீப்பர் கடைசி வரைக்கும் நிக்கணும். கோவில்பட்டியில ஆடுனப்பவே பாத்திருக்கேன், நம்ம ஜோயல் முதல்ல விழுந்துருதான். அவன் தரையில கெடக்கும்போது மத்தவன் சுத்திப்போய் உள்ள போட்டுருதான். திறமை இருக்கு, பொறுமை இல்ல." அதற்குப் பிறகு என் மகனின் வேகத்தையும் கால் நீளத்தையும் வாயாரப் புகழ்ந்தார். அதெல்லாம் என் காதில் ஏறவே இல்லை. மக்ரூனைத் தொடாமல் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் அலுவலகத்தில் ஒன்றும் நடக்காத மாதிரி வந்து கப்பல் வரும் நேரத்தைக் கேட்டார். நானும் ஒன்றும் நடக்காத மாதிரி சொன்னேன். ஒரு மாதிரியாகப் பேசிப் பழகிக்கொண்டோம். ஆனால் போன சீசன் கூட்டத்திலும் அதே கதைதான். நான் உட்கார்ந்திருந்தேன், அவர் எழுந்தார், அதையே சொன்னார். "ஏன்ணே, ஒரு வருஷமாவது விடக் கூடாதா?" என்று கேட்டேன். "அவன் விட்டா நானும் விட்டுருதேன்" என்றார்.

அதே சீசனில் எங்கள் அணி அரையிறுதிக்குப் போனது. ஊர் என்ன செய்யும்? எங்கள் தெருமுனையில் ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு முளைத்தது. இரண்டாவது கோல்கீப்பரான என் மகன் அதில் ஆள் உயரத்துக்கு நின்றான். கேப்டன் மூலையில் சின்னதாக இருந்தார். அடியில் எங்கள் கூட்டத்தார் முகங்கள் எல்லாம் தபால்தலை அளவில் வரிசையாக. ரெமி அண்ணன் முகம் மட்டும் இல்லை. போட்டோ கேட்டுப் போன பையன்களிடம், "லீக்குல இன்னும் ஒரு நிமிசம்கூட ஆடாதவனுக்கு எதுக்குல மாலை? அவன் ஆடட்டும், பொறவு பாப்போம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். எனக்கு வயிறு எரிந்தது. ஊரே கொண்டாடும்போது இந்த மனிதருக்கு மட்டும் என்ன வந்தது என்று தோன்றியது.

அரையிறுதி ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் முதல் கோல்கீப்பருக்கு முட்டியில் அடிபட்டது. ஜோயல் உள்ளே போனான். சமநிலையில் முடிந்து ஷூட்அவுட் வந்தது. பேக்கரி அறையில் நான் ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பிள்ளை முதல் இரண்டைத் தடுத்தான். அதற்குப் பிறகு அடிக்க வந்தவர்கள் அவன் விழும்வரை காத்திருந்தார்கள். அவனும் விழுந்தான். நாங்கள் தோற்றோம்.

மறுநாள் தெருமுனையில் ஃப்ளெக்ஸைக் காணோம். யார் கழற்றினார்கள் என்று நான் கேட்கவில்லை. கொஞ்ச நாள் கழித்துத் திருச்செந்தூர் போகும் பஸ்ஸிலிருந்து பார்த்தேன், உப்பளத்தில் ஒரு உப்புக் குவியலை அது மூடிக்கொண்டிருந்தது. என் மகன் முகம் வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தது. ஃபோனில் வந்த வசவுகளை எழுத மாட்டேன். திட்டியவர்களில் போர்டில் முகம் போட்டவர்களும் உண்டு.

தோற்ற மறுநாள் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியவர் ரெமி அண்ணன் ஒருவர்தான். ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, "முதல்ல விழுந்துட்டான்" என்றார். நான் முறைத்தேன். "சரி, மவன் எப்ப வாரான்?" என்று கேட்டார். நாளைக் காலை சென்னை வண்டியில் என்றேன். என்னால் ஸ்டேஷனுக்குப் போக முடியாது, அவன் முகத்தைப் பார்த்தால் அங்கேயே உடைந்துவிடுவேன் என்றும் சொன்னேன். "நீ இரு. நான் போறேன்" என்றார்.

போனவர் பிள்ளையை நேராக வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. பையும் கையுமாக அண்ணாச்சியின் பேக்கரிக்குக் கூட்டிக்கொண்டு போய், பின்னறையில் எல்லோருக்கும் நடுவில் உட்கார வைத்துவிட்டார். "கோச்சும் நீங்க சொல்லுததத்தான் மாமா சொல்லுதாரு" என்றானாம் ஜோயல். "அப்ப கோச் நல்லவருதான். டீ குடி" என்றாராம் இவர். அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டே மக்ரூன் தட்டை நீட்டினாராம். சாகுல் பாய் எனக்கு ஃபோன் செய்து, "தங்கச்சி, பையன் சிரிச்சிட்டான், அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அதற்குப் பிறகுதான் நான் அடுப்பைப் பற்ற வைத்தேன்.

அண்ணனிடம் பிறகு ஒருநாள் கேட்டேன். எல்லோரும் திட்டினார்கள், உங்களுக்கு மட்டும் ஏன் கோபம் வரவில்லை என்று. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "குறை தெரியாம கொண்டாடுனவனுக்குத்தான் ஏமாத்தம். எனக்குத் தெரியும்லா அவன் விழுவான்னு. தெரிஞ்சுதானே பிடிச்சிருக்கு." 

இந்த வருடம் இதயம் பலவீனமாகி அவர் ஆஸ்பத்திரியில் படுத்தார். பார்க்கப் போனால் நலம் விசாரிக்க விடமாட்டார். பழைய கோல்கீப்பருக்கு முட்டியில் ஆபரேஷன் என்றதும், "அப்ப ஜோயல்தான் முதல் ஆளு. அவனுக்குப் பின்னால யாரு?" என்றார். புதுப் பையன் ஒருவனை எடுக்கப் போவதாகப் பேச்சு என்றேன். டிஃபென்ஸில் இரண்டு பேருக்கு மேல் நம்பிக்கையான ஆள் இல்லை, மிட்ஃபீல்டில் ஒருத்தன் நொண்டினால் கதை முடிந்தது, ஃபார்வர்டில் மட்டும் தேவைக்கு மேல் கூட்டம் என்று மூச்சு வாங்க வாங்கக் கணக்குப் போட்டார். கடைசியில், "நம்ம கூட்டத்துக்கும் பெஞ்ச் பலம் இல்லையேளா. இந்தத் தடவை ஜோயல் குறையை யாரு சொல்லுவா?" என்றார்.

"நீங்கதான் வந்து சொல்லணும்" என்றேன்.

"நான் லிஸ்ட்டுல இருப்பேனான்னு தெரியலையே" என்று சிரித்தார். 

அடக்கத்துக்கு ஜோயலால் வர முடியவில்லை, பயிற்சி முகாமிலிருந்து விடவில்லை. அடுத்த ஞாயிறு கூட்டம் வந்தது. வேண்டாம், இந்த வருடம் விட்டுவிடலாம் என்று அண்ணாச்சி இழுத்தார். ரெமி அண்ணன் மனைவி பிலோமினா மதினி ஆள்விட்டுச் சொல்லி அனுப்பிவிட்டார்கள், நடத்தியே ஆக வேண்டும் என்று. அண்ணாச்சி கேப்டனைப் பற்றி, "தோக்குத நேரத்துல அவனுக்குப் பேச்சு வரமாட்டேங்கு" என்று முதன்முறையாக ஒரு உண்மையான குறையைச் சொன்னார். சொல்லிவிட்டுக் காலியாக இருந்த ரெமி அண்ணனின் நாற்காலியைப் பார்த்தார். நாங்கள் கைதட்டினோம்.

என் முறை வந்தது. "நான் சொல்லட்டுமா தங்கச்சி?" என்று சாகுல் பாய் மெதுவாகக் கேட்டார். வேண்டாம் என்று எழுந்தேன். "எம்மவன் ஷூட்அவுட்டுல முதல்ல விழுந்துருதான். பயம் இல்ல, அவசரம். அந்த அவசரம் எங்கிட்டயிருந்து அவனுக்குப் போனது" என்றேன். அதற்குப் பிறகு புகழலாம், சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் நான் புகழாமலே உட்கார்ந்துவிட்டேன். கைதட்டல் வந்தது. என் மகனுக்கு அந்த அறையில் நான் சம்பாதித்துக் கொடுத்த முதல் கைதட்டல் அது.

சாயங்காலம் ஜோயல் கூப்பிட்டான். "அம்மா, இன்னைக்குக் கூட்டம்லா. ரெமி மாமா இல்லாம எங்குறையை யாரு சொன்னா?"

"நான்தாம்ல."

"என்ன சொன்னீங்க?"

"நீ முதல்ல விழுந்துருதன்னு சொன்னேன்."

கோபித்துக்கொண்டானோ என்று பயந்துவிட்டேன். பிறகு சொன்னான். "குறை உங்களுக்கும் தெரிஞ்சுபோச்சுல்லா, அப்ப இனிமே தோத்தாலும் ஸ்டேஷனுக்கு நீங்க வருவீங்க."

வருவேன் என்றேன். ரெமி அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.